லேபிள் இல்லாத ரத்தம்

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் பேசியதை முழுவதும் கேட்டேன். வேறு வழியில்லை. அக்காவுக்கும் எனக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார்கள். அந்த ஆய்வு நிலையத்தில் இயக்குநருக்கு ‘மைக்’ என்று பட்டப்பெயர். கையில் கிடைத்தால் விடமாட்டார். அன்றும் விடவில்லை. “தன் ரத்தத்தையே அறிவியலுக்குத் தந்தவர்” என்றார். கைதட்டினார்கள். மேசைமேல் அத்தானின் படம் இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் அவருடைய இயந்திரத்தைத் துடைத்து, பளபளவென்று வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு ஆராய்ச்சி மாணவி மட்டும் கை தட்டாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் தந்தது உண்மைதான். வாரம் தவறாமல் தந்தார். அந்த ரத்தத்தை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள், அதனால் அவருக்கு என்ன ஆனது என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்கா வீட்டுக்காரர் என்பதைத் தாண்டி அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. செத்துப்போனார் என்பதற்காக இப்போது புதிதாக வரவழைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

அத்தானுக்கு ஒரு கைவியாதி உண்டு. எதில் லேபிள் ஒட்டியிருந்தாலும் பிய்ப்பார். தண்ணீர் பாட்டில், மருந்துப் புட்டி, புதிதாக வாங்கிய தட்டின் அடிப்பக்கம், எதுவும் தப்பாது. வாய் பேசிக்கொண்டிருக்கும், கட்டைவிரல் நகம் தன்பாட்டுக்கு ஒரு மூலையைத் தேடிக்கொண்டிருக்கும். மூலை கிடைத்ததும் பேச்சில் ஒரு சந்தோஷம் தெரியும். அக்காவின் சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் மொட்டையாக நிற்கும். உப்பா சர்க்கரையா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். எனக்கே ஒருமுறை உப்பு போட்ட டீ கிடைத்தது. முகம் சுளித்தேன். அதற்கும் அவரிடம் ஒரு தத்துவம் தயாராக இருந்தது.

“பொருளைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும் மாப்ளே. பேரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறவன் சோம்பேறி.”

“பொருளைக் குடிச்சுத்தான் அத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றேன். அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றிய நகைச்சுவை அவருக்கு எப்போதும் புரிந்ததில்லை.

சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வைத்திருப்பார். உள்ளே சிவப்பு நீர். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாப்பாடு முடிந்து நாலு பேர் உட்கார்ந்தால், குப்பி வெளியே வந்துவிடும். “இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்” என்று எல்லோர் முகத்துக்கு நேராகவும் ஆட்டுவார். யாரும் சொல்ல மாட்டார்கள். முந்தைய விசேஷத்தில் பார்த்தவர்கள்கூட மறந்துவிட்டதுபோல இருப்பார்கள். “தங்கம்!” என்பார்.

ஒரு தடவை எங்கள் சித்தி அந்தக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தங்கம்னா மஞ்சளா இருக்க வேணாமா? இது இருமல் மருந்து மாதிரியில்ல இருக்கு.”

“சித்தி, தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கா தங்கத்தைப் பொடிச்சா அது சிவப்பாத்தான் தெரியும்.”

“மறுபடி மஞ்சளாக்க முடியுமா?”

“எதுக்கு?”

“கழுத்துல போடத்தான். வேற எதுக்கு?”

அன்றைக்கு வீடே சிரித்தது. அதற்கப்புறம் சித்தி வரும் இடத்துக்கு அவர் குப்பியைக் கொண்டுவந்ததில்லை. சித்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் “படிக்காத ஜனங்க” என்று ஆரம்பித்துவிடுவார். சித்தி கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவள்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். போன மாத நீலமும் இந்த மாத நீலமும் ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும். அத்தானுக்கு அது பெரிய தமாஷ். “நீ சுவத்துக்கு நிறம் பாக்கற, நான் உசுருக்குப் பாக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான், என்ன?” என்பார், பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது மட்டும்.

ஒருநாள் அவருடைய ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனார். ஜன்னலுக்குக் கறுப்புத்துணி போட்ட சின்ன அறை. ஏசி சத்தம். நடுவில் ஒரு நுண்ணோக்கி, அதன் தலையில் ஒரு கேமரா. “குனிஞ்சு பாரு” என்றார். பார்த்தேன். ஒரே கறுப்பு. கண் பழகியதும் கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள். எண்ணமுடியாத அளவு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, அசையாமல். அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தங்கத்துகள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால், துகளில் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். மற்ற இடமெல்லாம் இருட்டு.

“இப்ப பாரு” என்று, துகள்கள் பதித்த கண்ணாடிச் சில்லின் ஒரு ஓரத்தில் எதையோ ஒரு சொட்டு விட்டார். சற்று நேரத்தில் பச்சை மஞ்சளுக்கு நகர்ந்து, மஞ்சளில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. என் வேலையில் இந்த அளவு மாறினால் அந்தப் பீப்பாயையே திருப்பி அனுப்பிவிடுவோம்.

விஷயம் இதுதான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளைத் தங்கத்துகளின்மேல் பூசிவைப்பார்கள். புரதம் வந்து ஒட்டினால் துகளின் நிறம் நகரும். கேமரா அதை அளக்கும். மற்ற சோதனைகளில் புரதத்துக்கு முதலில் ஒரு சாயத்தைக் கட்டிவிட்டு, சாயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சாயத்துக்கு அவர்கள் பாஷையில் லேபிள் என்று பெயர். இவருடைய சோதனையில் சாயம் வேண்டாம். ஒட்டியது ஒட்டியபடியே தெரியும்.

“லேபிளே கிடையாது மாப்ளே! என் மெஷின்ல லேபிளுக்கு இடமே இல்ல” என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வீட்டு டப்பாக்களை மொட்டையடித்த மனுஷனுக்கு விஞ்ஞானமே வந்து சாட்சி சொன்ன மாதிரி.

அந்த அறையில் நான் கேட்ட ஒரே கேள்வி இது: “அத்தான், அந்தப் புரதம்தான் ஒட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? வேற ஏதாவது ஒட்டினாலும் நிறம் மாறுமே?”

“கொக்கி வேற எதையும் பிடிக்காது” என்றார். பேச்சு முடிந்தது. பெயின்ட் அடிப்பவன் அதற்குமேல் என்ன கேட்பது.

நிறம் நகர்ந்தது என்று சொல்ல எங்கிருந்து நகர்ந்தது என்று தெரியவேண்டும். அதற்கு நல்ல ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தம் வேண்டும். முதலில் ஆய்வகத்தில் நாலைந்து பேர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம், ஒருவர் வேலை மாறிப் போனார். கடைசியில் அத்தான் மட்டும் மிஞ்சினார். அவருடைய ரத்தத்தில் புள்ளிகள் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சைக்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்தார்கள். நோயாளிகளின் ரத்தம் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு நகர்கிறது என்பதுதான் கணக்கு. ஆய்வகத்தில் அவருக்கு ‘ஜீரோ சார்’ என்று பெயர் விழுந்தது. அவர் அதைப் பட்டம் கொடுத்ததுபோல வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஆராய்ச்சிக் கட்டுரையில போட்டிருக்கு. உலகம் பூரா எவன் படிச்சாலும் என் ரத்தத்துலேருந்துதான் அளக்கணும். நான்தான் பூஜ்யம்!”

வீட்டில் நாங்கள் ரொம்ப நாளாகவே அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தோம் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை.

அக்கா தையல்காரி. ஒரு துணிக்கடைக்கு வரும் உடுப்புகளை ஆள் அளவுக்குச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் கொடுப்பாள். அவளுக்கு எதுவும் முதலில் அளவில்தான் தெரியும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அவருடைய காலுறைகளை எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் மேல்பட்டியின் இலாஸ்டிக்கை அவளே கத்தரித்து எடுத்திருந்தாள்.

“கால்ல கோடு விழுந்துடுதுடா. சாயங்காலம் அமுக்கினா குழி விழுது, எழும்பவே மாட்டேங்குது. பேன்ட்டை இடுப்புல ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சாச்சு. இடுப்புல இளைக்கிறாரு, கால்ல பெருக்கிறாரு. இது என்ன அளவு?”

அவள் கேட்டது சரியான கேள்வி. அன்று சாயங்காலம் அவரிடமே கேட்டோம். சாப்பாட்டு மேசையில் ஒரு தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் பாதிவரை உரித்திருந்தார்.

“ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க” என்றாள் அக்கா.

“எதுக்கு? வாரா வாரம் என் ரத்தத்தைப் பாக்கறேன். உலகத்துல என்னைவிட அதிக தடவை கிட்னி டெஸ்ட் எடுத்தவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வா.”

“உங்க மெஷின்ல இல்லங்க. சாதா டெஸ்ட்டுல.”

“சாதா டெஸ்ட்டா! தங்கத்துல பாத்ததைத் தகரத்துல போய்ப் பாக்கச் சொல்றியா? நான் போய் வரிசையில நின்னேன்னு வை, நாளைக்கு மைக் என்ன கேப்பாரு? ‘உம் மெஷினை நீயே நம்பலையா’ன்னு கேப்பாரு.”

“அவர் கேட்டா கேக்கட்டுமே. கால் அவரோடதா, உங்களோடதா?”

“உனக்கு ஊசி நூலைத் தவிர ஒண்ணும் தெரியாது. விடு.”

அக்கா விட்டாள். எழுந்துபோய்த் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். தைக்க ஒன்றும் இல்லாமலே கொஞ்சநேரம் மிதித்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் பாட்டிலின் மீதி லேபிளையும் முழுசாக, கிழியாமல் உரித்து மேசையில் ஒட்டிவைத்தார்.

இனி சொல்லப்போவது அந்த ஆராய்ச்சி மாணவி பிற்பாடு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குச் சொன்னது. கூட்டத்தில் கை தட்டாதவள் அவள்தான். எதற்கெடுத்தாலும் “சார், ஒரு சந்தேகம்” என்று ஆரம்பிப்பாள் என்று அத்தான் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர் வைத்திருந்தார். “என்ன, சந்தேகம் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வாராம்.

அவளுடைய பழைய சந்தேகம், நிறம் ரொம்ப அதிகமாக நகர்கிறது என்பது. அவ்வளவு சின்னப் புரதம் ஒட்டினால் கேமராவுக்கு மட்டும் தெரியும் அளவுக்குத்தான் நகரவேண்டும். இங்கே வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அத்தான் அதற்குச் சொன்ன பதில்: “அதுதான் நம்ம மெஷினோட சிறப்பு.”

ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் ரத்தம் சின்னப் பிளாஸ்டிக் குழாய்களில் வரும். மூடியில் ஒரு எண் எழுதியிருக்கும். குழாயின் வயிற்றில் பெயர், வயது எல்லாம் அச்சடித்த லேபிள் ஒட்டியிருக்கும். நோயாளியின் பெயர் ஆய்வகத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது விதி. ஆகவே சோதனைக்குமுன் லேபிளை எடுத்துவிடவேண்டும். அந்த வேலையை அத்தான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குழாயாக எடுத்து, நகத்தால் மூலையைத் தேடி, ரசித்து ரசித்துப் பிய்ப்பார். பிய்த்த கையோடு கண்ணாடிச் சில்லை எடுத்து நுண்ணோக்கியில் பொருத்துவார். தன்னுடைய ரத்தத்தை எல்லாவற்றுக்கும் முதலில் பார்த்துவிடுவார், அந்தக் குழாயில் லேபிளே கிடையாது. சொந்த ரத்தத்துக்கு எதற்கு லேபிள்?

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் லேபிள் அச்சடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. குழாய்கள் மூடியில் எண்ணோடு மட்டும் வந்தன. அந்த வாரம் ஒரு புள்ளிகூட நகரவில்லை. எல்லாம் பச்சை. எல்லோரும் பூஜ்யம்.

அத்தான் ஆஸ்பத்திரி ரத்தப் பிரிவுக்கு போன் போட்டுக் கத்தினாராம்.

“யார் ரத்தத்தை அனுப்பியிருக்கீங்க? எல்லாம் நல்லா இருக்கிறவங்க ரத்தம்!”

எதிர்ப்பக்கம் பேசிய பெண் நிதானமாகச் சொல்லியிருக்கிறாள்: “சார், இதுல ரெண்டு பேர் டயாலிசிஸ்ல இருக்காங்க. நல்லா இருக்காங்கன்னு நீங்களே வந்து அவங்ககிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.”

போனை வைத்ததும் பின்னாலிருந்து, “சார், ஒரு சந்தேகம்.”

“வந்துட்டியா?”

அவள் ஒரு புதுக் கையுறை போட்டுக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்த ஒரு வெற்று லேபிளை எடுத்து, ஒட்டி, பிய்த்தாள். அதே விரலால் ஒரு சில்லை எடுத்துப் பொருத்தினாள். ரத்தம் விடவில்லை. வெறும் உப்புநீர் ஒரு சொட்டு. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை மஞ்சளானது. மஞ்சளில் சிவப்பு ஏறியது.

பசை. இத்தனை வருஷமும் தங்கத்தில் ஒட்டியது லேபிளின் பசை. லேபிள் இல்லாத சோதனை, லேபிள் இருந்ததா இல்லையா என்பதைத்தான் ஒழுங்காகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் லேபிள் உண்டு, ஆகவே எல்லோருக்கும் நோய். அத்தானுக்கு லேபிள் இல்லை, ஆகவே அவர் ஆரோக்கியம்.

“கொக்கி சரியாப் பிடிச்சிருந்தாக்கூட, கொஞ்சமாத்தான் நகர்ந்திருக்கும். பசையோட கூச்சல்ல அது காதுலயே விழுந்திருக்காது. அப்புறம் சார், உங்க ரத்தத்தைத்தானே பூஜ்யம்னு வச்சிருக்கோம்? உங்களோடது எங்க இருந்தாலும் அதுதான் பூஜ்யம். மெஷின் உங்க ரத்தத்தைப் பாக்கவே இல்ல சார். நீங்க ஒரு தடவை வெளியில டெஸ்ட் எடுத்துடுங்க” என்றாளாம். அவர் கால் வீங்குவது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. செருப்பின் வாரை ஒவ்வொரு துளையாகத் தளர்த்திக்கொண்டே வந்தவர் அவர்.

அவர் அவளைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: “உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேணாமா?”

என் அத்தான் முட்டாள் இல்லை. அவருக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரியும். அது தெரிந்தால் பூஜ்யம் போச்சு. பூஜ்யம் போனால் கட்டுரை போச்சு, மைக்கின் முன்னால் முகம் போச்சு. ஒரு பக்கம் மானம், ஒரு பக்கம் உயிர். அவர் உட்கார்ந்து யோசித்து மானத்தை எடுத்துக்கொண்டார். மானம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அது வெறும் வீம்பு.

அந்த மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வந்தது. அச்சு இயந்திரம் சரியாகி, குழாய்கள் லேபிளோடு வந்துவிட்டன. அவர் குழுவின் முன்னால் கையுறை போட்டுக்கொண்டு, நகத்தால் மூலையைத் தேடி, தெரிந்தே பிய்த்தார். தெரிந்தே அதே கையால் சில்லைப் பொருத்தினார். புள்ளிகள் சிவந்தன. குழுவினர் ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்து, “ஆகா” என்றார்கள். மைக் எல்லோருக்கும் கை கொடுத்தார். இதுவரை நான் சொன்னதையெல்லாம் அறியாமை என்று மன்னித்துவிடலாம். இதை முடியாது.

வீட்டில் அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா, “இப்பவாவது போலாங்களா?” என்றாள். “அடுத்த மாசம்” என்றார். அதுவே பெரிய முன்னேற்றம் என்று அவள் எனக்குப் போன் செய்து சொன்னாள். பாவம், அவர் இறங்கிவருகிறார் என்று நினைத்துவிட்டாள். அடுத்த மாசமும் அடுத்த மாசம் என்றார். அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான்.

ஒருநாள் ஆய்வு நிலையத்தின் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ‘சந்தேகம்’தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் குழாயில் லேபிளை ஒட்டி, அவர் கையருகே தட்டில் வைத்துவிட்டு ஊசியை எறியத் திரும்பினாள். அத்தான் டாக்டரிடம் தன் கட்டுரையைப் பற்றி மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கை அதன் வேலையைப் பார்த்தது. நர்ஸ் திரும்பியபோது லேபிள் அவருடைய கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ, ஏன் சார் அதைப் பிய்க்கிறீங்க? இது யார் ரத்தம்னு நாங்க என்ன ஜோசியமா பாக்கறது?”

அத்தான் தன் விரலையே பார்த்தார். வாசலோரம் நின்ற மாணவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே வேறு லேபிளை எடுத்தாள். அப்போது அவர் குழாயை அவள் பக்கம் நீட்டி, “நல்லா அழுத்தி ஒட்டும்மா” என்றார்.

சாதா டெஸ்ட் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய முடிந்திருந்தன. இதயமும் தள்ளாடிக்கொண்டிருந்தது.

“கால் வீங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மருந்துலயே இழுத்துப் பிடிச்சிருக்கலாம். ஏன் வரல?” என்று டாக்டர் கேட்டார்.

“நான்தான் ரெஃபரன்ஸ்” என்றார் அத்தான்.

“எதுக்கு?”

அத்தான் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

மைக் ஒரு பூங்கொத்தோடு வந்தார். அக்கா வெளியே போகட்டும் என்று காத்திருந்தார், அவள் போகவில்லை. “எல்லாம் நல்லபடியா போயிட்டிருக்கு. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காம ரெஸ்ட் எடுங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் உங்க சொந்த விஷயம், அதுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். அத்தான் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை ஆயுள் முழுவதும் பழகியிருந்தார். பூங்கொத்தைச் சுற்றியிருந்த காகிதத்தில் கடையின் லேபிள் இருந்தது. மைக் போனதும் அத்தானின் கை அதை நோக்கிப் போய், பாதியில் திரும்பிவிட்டது.

மறுநாள் மாணவியைக் கூப்பிட்டுவிட்டார்.

“சந்தேகம், அந்த லேபிள் விஷயத்தை எழுது.”

“எழுதி?”

“கட்டுரை வந்த பத்திரிகைக்கே அனுப்பு. என் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் சேத்து அனுப்பு. பூஜ்யம்னு போட்ட ரத்தம் யாரோடது, அதுல என்ன இருந்துச்சுன்னு பேரோட போடு.”

“டைரக்டர் விடமாட்டாரு சார்.”

“கட்டுரையில முதல் பேரு என்னோடது. இதுலயும் அதையே முதல்ல போட்டு, நான் எழுதச் சொன்னேன்னு எழுது. எங்க கையெழுத்து வேணும்?” படுத்தபடியே போட்டார். எழுத்து கோணலாக வந்தது.

அவள் அழுதுகொண்டே போனாள். எனக்கு அழுகை வரவில்லை. உயிரோடு திரும்பிப் போகும் நிலை இருந்திருந்தால் இந்த மனுஷர் அதை எழுதச் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். போதாததற்கு, பொய்யான கட்டுரையிலும் முதல் பெயர், அதைப் பொய் என்று சொல்லும் கடிதத்திலும் முதல் பெயர். எதையும் விட்டுக்கொடுக்காத ஜென்மம். அதை அக்காவிடம் சொன்னேன். “இருக்கட்டுமே. அந்தப் பொண்ணு தனியா எழுதியிருந்தா அவளை விட்டுவச்சிருப்பாங்களா?” என்றாள். அந்தக் கோணம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றிய பின்னும் முழுசாக நம்பவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். உடம்பு தாங்கவில்லை. கொஞ்ச நாளில் பேச்சு குறைந்துபோனது. இரங்கல் கூட்டம் நடந்த அன்று மாணவியின் கடிதம் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மைக்குக்கு மட்டும் இன்னும் தெரியாது. ‘தன் ரத்தத்தையே தந்தவர்’ என்று அவர் சொன்ன அந்த ரத்தத்தின் சரியான கணக்கு அதில் இருந்தது.

ஒன்று மட்டும் எழுதாமல் விட மனமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அத்தானின் மணிக்கட்டில் பெயரும் வயதும் அச்சடித்த ஒரு காகிதப்பட்டை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு மூலை முதல் நாளே எழும்பி நின்றது. அவர் கை வேறு எங்கும் போகமுடியாமல் படுக்கையில் கிடந்த நாட்களில், கட்டைவிரல் அந்த மூலைக்குப் போகும். தடவும். சற்றுநேரம் அங்கேயே இருக்கும். பிறகு மூலையை அழுத்தி ஒட்டிவைத்துவிட்டு வந்துவிடும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பலமுறை பார்த்தேன். ஒருமுறை அவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எல்லாம் முடிந்தபின் நர்ஸ் அந்தப் பட்டையை வெட்டி எடுக்கக் கத்தரிக்கோலோடு வந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்மா. யாருன்னு தெரியணுமில்ல.”